பிள்ளை அழட்டும், விடுங்கள்

"பிள்ளை ஒட்டிக்கிச்சா?" சிங்கப்பூரிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ வந்து, ஒரு குழந்தைகள் இல்லத்தில் தங்கள் தத்துப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வெளியே வரும் தம்பதிக்குக் காரைக்குடியிலிருந்து போகும் முதல் போனில் இந்தக் கேள்விதான் இருக்கும். கேட்பது அப்பத்தாவாக இருக்கலாம், அயித்தையாக இருக்கலாம், அன்பினால்தான் கேட்கிறார்கள். "சிரிச்சுக்கிட்டே தாவி வந்துருச்சு" என்று பதில் வந்தால் வீடே குளிர்ந்துவிடும். "ஒரே அழுகை, கிட்டயே வரமாட்டேங்குது" என்று வந்தால் பேச்சு சுருங்கி, பிள்ளையார்பட்டிக்கு ஒரு வேண்டுதல் முடியப்படும். என் கட்சி இதற்கு நேர்மாறானது. ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளை அன்று அழுதால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், இல்லத்து ஆயாம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டால், அது நல்ல சேதி. பார்த்த மாத்திரத்தில் யாரிடமும் தாவினால்தான் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் கணக்குப்படியே சொல்வதானால், அந்த நாள் பெரியவர்களின் பேரேட்டில் வரவு, பிள்ளையின் பேரேட்டில் பற்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு எல்லாம் லாபம் என்று கோடு கிழிப்பதுதான் நாம் செய்யும் பிழை.

செட்டிநாட்டுக்குத் தத்து புதிதில்லை. பிள்ளை கூட்டுவது இங்கே கல்யாணம் மாதிரி ஊரறிய நடக்கும் காரியம். நகரத்தாரில் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் கூட்டுவதே மரபு. வருகிறவனுக்கு வீட்டின் விலாசம் கிடைக்கும், கோயில் கணக்கில் புள்ளி கிடைக்கும், இருந்தால் சொத்தும் சேர்ந்து கடனும் கிடைக்கும். வளர்ந்த ஆணை, கல்யாணம் ஆனவனைக்கூடக் கூட்டிக்கொண்ட வீடுகள் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், பதினைந்து வயது நிரம்பியவரையும் மணமானவரையும் தத்தெடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வழக்கம் இடம்கொடுத்தால் எடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. இம்மாதிரி வழக்கங்களுக்கு அது விட்ட வழி. இந்த மரபில் மெச்ச வேண்டியது அதன் வெளிப்படைத்தன்மை. யார் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் யாருக்கும் தலைகுனிவு கிடையாது. ஆனால் அது யாருக்காக நடந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விலாசம் அற்றுப்போகாமல் இருக்க, கொள்ளி வைக்க, பெட்டகச் சாவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆண் தேவைப்பட்டான். வீட்டின் தேவை முதலில், வருகிறவனின் தேவை பிறகு. வளர்ந்தவன் தெரிந்தே வந்தான், பெற்ற ஆத்தா வீடு பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதனால் பெரிய சேதம் இல்லை.

இன்று நடப்பது வேறு. பெற்றோர் யாரென்றே தெரியாத, அல்லது பெற்றோர் ஒப்படைத்துவிட்ட குழந்தை. காரா என்ற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதி. குழந்தை ஒடிசாவிலோ மகாராஷ்டிரத்திலோகூட இருக்கலாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் குழந்தைக்குக் குடும்பம் தேடுகிறதே ஒழிய, குடும்பத்துக்கு வாரிசு தேடுவதில்லை. சட்டம் திசை மாறிவிட்டது. வரவேற்கும் முறை மட்டும் பழைய திசையிலேயே நிற்கிறது: ஆலத்தி, மாலை, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நிறைந்த உறவு, கைமாறிக் கைமாறிப் போகும் பிள்ளை, ஒவ்வொரு கைக்கும் ஒரு போட்டோ.

இதற்கு ஓரளவு பழைய சட்டமும் காரணம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தத்து செல்லுபடியாக வேண்டுமானால் பிள்ளையை ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்க வேண்டும். தத்த ஹோமம்கூடக் கட்டாயமில்லை, கொடுத்து வாங்குவது கட்டாயம். மஞ்சள் நீர் குடிப்பித்துப் பிள்ளையாக்கிக்கொள்ளும் பழைய தமிழ்ச் சடங்கும் இதே மாதிரி ஒரு கணத்தைத்தான் நட்டு வைக்கிறது: இதற்கு முன் அவர் பிள்ளை, இதற்குப் பின் இவர் பிள்ளை. சொத்து வழக்குக்கு அப்படியொரு கணம் தேவை. சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர் தேதி சொல்லியாக வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அந்தத் தேதி தெரியாது. அதற்கு மடி மாறுவது வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் நடக்கிற வேலை. இதை அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவில் கையெழுத்திடுவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். அவர் கையெழுத்தோடு சட்டப்படி எல்லாம் முடிந்தது. ஆனாலும் வெளிநாடு போன பிள்ளை எப்படி இருக்கிறது என்று முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. கையெழுத்தோடு காரியம் முடிவதாக இருந்தால் இரண்டு ஆண்டு அறிக்கை எதற்கு?

ஊர்ப் பெரியவர்கள் இதற்கு ஒரு நல்ல மறுப்பு வைத்திருக்கிறார்கள், அதை லேசாகத் தள்ள முடியாது. "அந்தக் காலத்தில் கொண்டுவிக்கப் போன அப்பச்சியைப் பிள்ளை முதன்முதலாகப் பார்க்கிறதே மூணு வயசுலதான். அதெல்லாம் வளரலையா?" உண்மைதான். கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலுக்கு, ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் போன ஏஜெண்டுகளுக்குத் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. மனைவியை அழைத்துப்போவது வழக்கத்தில் இல்லை. 1930ஐ ஒட்டிப் பர்மாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன என்றால், இங்கே ஊர்களில் எத்தனை பிள்ளைகள் அப்பச்சியை, அதாவது அப்பாவை, படத்திலும் கடிதத்திலும் மட்டும் அறிந்து வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ட்ரங்குப் பெட்டியும் பீங்கானுமாக ஒரு வேற்று மனிதர் வளவுக்குள் நுழைவார். "அப்பச்சிகிட்டப் போ" என்று பிள்ளையைத் தள்ளுவார்கள். பிள்ளை ஆத்தாவின் முந்தானைக்குள் ஒளியும்.

அந்த முந்தானையில்தான் விஷயம் இருக்கிறது. அப்பச்சி வந்த அன்று பிள்ளை எதையும் இழக்கவில்லை. ஆத்தா அங்கேயே இருந்தாள், அப்பத்தாவும் ஐயாவும் இருந்தார்கள். அதே வளவு, அதே வாசல் தூண், அதே ரசம் சாதம், தூங்கும்போது காதில் விழுகிற அதே குரல்கள். இருந்ததெல்லாம் இருக்க, கூடுதலாக ஒருவர் வந்து சேர்ந்தார். நாலு நாள் ஒளிந்து பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் தானாகவே அவர் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்க்க அதற்குத் தெம்பு இருந்தது. தத்துப்பிள்ளைக்கு நடப்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம், குரல், மொழி, சாப்பாடு, தொட்டில், பக்கத்துத் தொட்டில் பிள்ளை, ஆயாம்மாவின் எண்ணெய் வாசனை, எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடுகின்றன. கூடவே விமானமும், குளிரும், பகல் இரவு மாறிப்போன தூக்கமும். பழைய செட்டிநாட்டுப் பிள்ளை தாங்கியதை வைத்து இந்தப் பிள்ளையும் தாங்கும் என்று சொல்வது பொருந்தாது. அது தாங்கியதற்குக் காரணமே, இதற்கு இல்லாமல் போன அந்த முந்தானைதான்.

அழாத பிள்ளையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய சான்று இருக்கிறது. 1950 வாக்கில் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் குழந்தைகளைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. பார்த்தால் பிள்ளை அழுகிறது, பார்க்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் "சமாதானமாகிவிடுகிறது" என்று டாக்டர்களும் நர்ஸுகளும் நம்பினார்கள். மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952இல் திரையிட்டார். தாயைப் பிரிந்த குழந்தைகளிடம் அவர்கள் கண்டது மூன்று கட்டம்: முதலில் அழுது ஆர்ப்பாட்டம், பிறகு சோர்ந்து அடங்குதல், கடைசியில் ஒட்டாமை. டாக்டர்கள் சமாதானம் என்று எண்ணியது இரண்டாவதையும் மூன்றாவதையும்தான். படத்தைப் பார்த்துக் கோபப்பட்ட மருத்துவர்கள் பலர். ஆனாலும் 1959இல் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆக, இல்லத்திலிருந்து வெளியே வரும்போது சத்தமே போடாமல், பொம்மை மாதிரி மடியில் உட்கார்ந்து வரும் பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு சமத்து" என்று மெச்சுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

யாரிடமும் தாவும் பிள்ளை இன்னொரு வகை. 1989இல் ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபின் அந்நாட்டு அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் இல்லத்திலேயே கிடந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், முன்பின் தெரியாதவரோடு தயக்கமே இல்லாமல் போய்விடும் பழக்கம் நீடித்தது. பார்ப்பவருக்கு அது கலகலப்பு. உண்மையில் எந்த முகத்தையும் தனித்து அறிய வாய்ப்பு கிடைக்காததன் தழும்பு அது. நம் ஊர் இல்லங்கள் எல்லாம் ருமேனியா போல என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஆயாம்மா மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் நல்ல இல்லங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இல்லத்துப் பிள்ளைதான் முதல் நாள் கத்திக் கூப்பாடு போடும். ஒருத்தியிடம் ஒட்டத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொருத்தியிடமும் ஒட்டத் தெரியும். அழுகை அந்தத் திறமைக்குச் சான்றிதழ்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சாஸ்திரம், தாயும் பிள்ளையும் தனியறையில் வாழ்கிற ஊர்க்காரன் எழுதியது" என்பது அடுத்த மறுப்பு. பிள்ளைகள் பற்றுக்கொள்ளும் விதத்தை முறையாகக் கவனித்த முதல் பெரிய களஆய்வு நடந்தது லண்டனில் அல்ல, உகாண்டாவில். 1954, 55இல் கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 26 தாய்மாரின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார். பாட்டி, சிற்றன்னை, அக்கா என்று பல கைகள் பிள்ளை தூக்கிய வீடுகள் அவை. ஏறக்குறைய நம் வளவு மாதிரி. அங்கும் பிள்ளை பயந்தபோது ஓடியது எல்லோரிடமும் அல்ல, குறிப்பிட்ட ஒருவரிடம். சாஸ்திரமே வேண்டாம் என்றால் நம் வீட்டு ஆயாக்களிடம் கேளுங்கள். எட்டு மாதப் பிள்ளை விருந்தாளியைக் கண்டு வீறிட்டால் "வேத்துமுகம் பாக்குது" என்று சொல்லி, தூக்க வந்தவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்வார்கள். சொந்தப் பேரனுக்குக் காட்டும் இந்த மரியாதையைத் தத்து வந்த பேரனுக்கும் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பல மடியில் வளர்வது நல்லதுதானே என்ற வாதம் இதிலிருந்தே கிளைக்கிறது. எனக்கும் அது நல்லதென்றே படுகிறது; கூட்டுக்குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மடி ஒன்று உறுதியான பிறகு வருகிற பத்து மடிகள் சொத்து. முதல் மடியே உறுதியாகாதபோது வருகிற பத்து மடிகள் சந்தை. ஷிப்டு மாறும் கைகளிலேயே வளர்ந்த பிள்ளைக்கு மடிக்குப் பஞ்சமில்லை, ஒரே மடி திரும்பத் திரும்ப வருவதற்குத்தான் பஞ்சம். ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது ஆகிய நான்கையும் அம்மாவும் அப்பாவும் தவிர வேறு யாரும் செய்யாமல் இருப்பது, உறவுகளுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அப்பத்தா பக்கத்தில் உட்காரலாம், பாடலாம், விளையாட்டுக் காட்டலாம். தூக்குவதற்கு மட்டும் பிள்ளை கை நீட்டும்வரை பொறுக்க வேண்டும். பொறுப்பது அப்பத்தாக்களுக்குக் கஷ்டம் என்பது தெரிந்ததுதான்.

"அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?" என்பதைத்தான் அடிக்கடி கேட்க நேர்கிறது. பெயரும் நாளும் ஞாபகம் இருக்காது. ஆனால் 2014இல் மான்ட்ரியலில் ஓர் ஆய்வு வெளியானது. சீனாவில் பிறந்து, சராசரியாக ஒரு வயதளவில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்து வந்து, சீனமொழி ஒரு சொல்லும் தெரியாமல் வளர்ந்த சிறுமிகளுக்குச் சீனத் தொனிகளைப் போட்டுக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். சீனம் பேசும் பிள்ளைகளின் மூளை எப்படி வேலை செய்ததோ அதே மாதிரி இவர்கள் மூளையும் செய்தது. பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவில்லை. மூன்றாண்டு கழித்து, நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப்பிள்ளைகள் மற்ற டச்சுக்காரர்களைவிடக் கொரிய ஒலிகளைச் சரியாக உச்சரிக்கக் கற்றதாக இன்னோர் ஆய்வு காட்டியது. கேட்டது எங்கோ தங்கியிருக்கிறது. புனேயில் மராத்தி கேட்டு வளர்ந்த பிள்ளையை நியூஜெர்சிக்கு அழைத்துப் போகும் தமிழ்த் தம்பதி, "தண்ணீர்", "வலிக்குதா", "தூங்கு" போன்ற பத்துச் சொல்லையாவது மராத்தியில் கற்றுக்கொண்டு போவது இதனால்தான் வீண் வேலை ஆகாது.

பெயர் விஷயத்தில் நகரத்தார் வீடுகளோடு எனக்கு வழக்கு உண்டு. மூத்த பேரனுக்கு ஐயா பெயர், பேத்திக்கு அப்பத்தா பெயர் என்று தலைமுறை தலைமுறையாக வரும் முறை அழகானது, அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கைக்குழந்தை நாலரை மாதத்திலேயே தன் பெயரின் ஒலியை மற்ற பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது என்று 1995லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்றரை வயதில் அந்தப் பெயர் ஒன்றுதான் அது தன்னோடு எடுத்து வரும் சாமான். பாஸ்போர்ட்டில் ஐயா பெயர் இருக்கட்டும். வாயில் கொஞ்ச காலம் இல்லத்துப் பெயரே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டு மெல்ல மாற்றலாம், மாற்றாமலே இரண்டையும் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். வீட்டில் ஒரு பெயர், விலாசத்தில் ஒரு பெயர் என்று வாழ்வது செட்டிநாட்டுக்கு அதிசயமா என்ன?

விடுப்பு கிடையாது, டிக்கெட் விலை அதிகம், பத்து நாளில் திரும்பியாக வேண்டும், இதில் எங்கே மெல்ல என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நாள் குறைவு என்றால் அந்த நாட்களை எங்கே செலவழிப்பது என்பது இன்னும் முக்கியமாகிறது. இல்லம் அனுமதித்தால் முன்கூட்டியே வீடியோவில் முகமும் குரலும் பழகலாம். முதல் நாளே தூக்கிக்கொண்டு கிளம்பாமல் இரண்டு மூன்று நாள் அங்கேயே போய், ஆயாம்மா ஊட்டும்போது பக்கத்தில் இருந்து, அடுத்த வேளை அவர் இருக்க நாம் ஊட்டலாம். பிள்ளைக்குத் தெரிந்தவர் தெரியாதவரிடம் சிரித்துப் பேசுவதைப் பிள்ளை கவனிக்கும். எப்படித் தூங்க வைப்பார், எந்தப் பக்கம் தட்டுவார், சோறு எவ்வளவு குழைந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் மருத்துவ அறிக்கையில் இருக்காது, அவர் வாயில் இருக்கும். பிள்ளை போர்த்திய பழைய துணியைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் எடுத்து வர வேண்டும். (இதை நம் வீடுகளில் ஒப்புக்கொள்ள வைப்பது காராவின் வரிசையில் காத்திருப்பதைவிடக் கஷ்டம்.) காரைக்குடிப் பயணத்தை, அந்த முதல் பத்து நாளிலிருந்து எடுத்துவிட்டு ஆறேழு மாதம் தள்ளி வைக்கலாம். குன்றக்குடி எங்கும் போய்விடாது.

இத்தனை சிரமம் என்றால் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பவே வேண்டாமே என்ற கேள்வி கடைசியில் வந்து நிற்கும். அது வீம்புக் கேள்வி அல்ல. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்து 1984இல் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வகுத்ததே, நம் பிள்ளைகள் எப்படி எங்கே போகிறார்கள் என்று கேட்க ஆளில்லாமல் இருந்ததால்தான். அதற்குப் பிறகும், 1990களின் இறுதியில் சென்னையில் ஏழைகளின் பிள்ளைகள் திருடப்பட்டுத் தத்து என்ற பெயரில் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது 2005இல் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. இலங்கையிலிருந்து 1970, 80களில் போன பிள்ளைகளின் கதை அதைவிடப் பெரிது. அதையும் வேறு நாடுகளையும் விசாரித்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. இந்தியா 2003இல் ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி முதலில் உள்நாட்டில் குடும்பம் தேட வேண்டும். 2023–24இல் காரா வழியாகத் தத்துப்போன 4,009 பிள்ளைகளில் வெளிநாடு போனவர்கள் 449 பேர்தான். தடையே போட்டிருந்தால் அந்த 449இல் பலர், குறிப்பாக வயது கூடியவர்களும் உடல்குறை உள்ளவர்களும், இல்லத்திலேயே வளர்ந்திருப்பார்கள். இல்லத்தைவிடக் குடும்பம் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு வயதுக்குப் பின் வந்த பிள்ளைகளும்கூட வளர்த்தியிலும் படிப்பிலும் வியக்கும்படி முன்னேறுவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. நான் கேட்பது போகும் விதத்தைப் பற்றி.

அந்த விதத்தில் ஒரு வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. தத்துப்போன பிள்ளை பதினெட்டு வயதில் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்க நம் விதிகள் இடம் தருகின்றன. நெதர்லாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் அப்படித் தேடி வந்த பெரியவர்களில் பலர் கையில் கிடைத்தது பொய்த் தாளும் ஒரு போட்டோவும். நம் பிள்ளை தேடும்போது தாள் மெய்யாக இருக்கும் என்று நம்புவோம். ஆனால் மெய்த்தாளிலும் இல்லாத சில உண்டு. எந்த அறையில் எந்தத் தொட்டில், பக்கத்துத் தொட்டிலில் யார், ஆயாம்மா எந்த ஊர்க்காரர், அவர் என்ன பாட்டுப் பாடினார், முதல் நாள் எவ்வளவு நேரம் அழுதது, அழுகை நின்றபோது யார் மடியில் இருந்தது, அன்று என்ன சாப்பிட்டது, எதைத் தள்ளிவிட்டது. போன் எடுத்து வீடியோ பிடிக்கிற நேரத்தில் பாதியை ஒதுக்கினால் இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிவிடலாம். அழுததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.